பவளத்துக்குத் தீனி

படியேறும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது, வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைகிறது என்று.

அவனுக்குக் காது மெஷின் விற்கிற கடையில் வேலை. பொழுதுக்கும் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, காது மந்தமானவர்களுக்கு மெல்லிய ஒலிகளைப் போட்டுக்காட்டி, ‘கேக்குதா, இப்போ கேக்குதா’ என்று கேட்டுக் கேட்டே அவனுடைய சொந்தக் காது பாம்புச் செவியாகிவிட்டிருந்தது. எதிர்வீட்டுக் குழாய் சொட்டினால் இவன் தூக்கம் கெடும். தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் என்னென்ன சத்தம் இருக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம்: ஃப்ரிட்ஜின் முனகல், கூடத்து ஃபேனின் கறக்கறக், எல்லாவற்றுக்கும் அடியில் மீன்தொட்டி மோட்டாரின் விடாத ரீங்காரம். இன்றைக்கு அந்த ரீங்காரம் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் அவன் மனைவி யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கிசுகிசுத்து அவன் கேட்டதே இல்லை. அவளுக்கு அவன் வைத்த பெயர் ரேடியோ. குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுக்கிற வேலை அவளுக்கு. ஊரில் யார் வீட்டில் தண்ணீர் வராவிட்டாலும் முதல் திட்டு அவளுக்குத்தான். திட்டியவர்களையெல்லாம் சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிவந்து, அவரவர் குரலிலேயே பேசிக்காட்டுவாள். சாப்பாட்டுத் தட்டு காய்ந்துபோகும், கை காய்ந்துபோகும், பேச்சு மட்டும் ஓயாது. நாளெல்லாம் காது கேளாதவர்களோடு கத்திவிட்டு வருகிறவனுக்கு அதுதான் இளைப்பாறல். அவள் அவனைக் ‘காது’ என்பாள். “என் காதே, இதைக் கேளுங்களேன்” என்று ஆரம்பித்தாளானால் அவனுக்கு அந்தச் சாயங்காலம் நிறைந்துவிடும்.

கதவைத் திறந்தான். திரைகளை இழுத்துவிட்டிருந்தாள். தொட்டியில் மங்கலான நீல விளக்கு மட்டும். அவள் அதற்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

“யார்கிட்டப் பேசிட்டிருந்த?”

“ஸ்… லைட்டைப் போடாதீங்க. சாப்பிடுது.”

அறையில் உப்பும் இறாலும் கலந்த ஒரு ஈர வாடை. அவளுடைய கண் தொட்டியை விட்டு நகரவில்லை. வந்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை.

தொட்டிக்குள் இருந்த பவளம் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மீன் கடைக்காரர் ஒருவர் சும்மா கொடுத்தது. உப்புத்தண்ணீர் மீன்களையே விற்கிறவர் என்பதால் அவருக்கு உப்புத்தண்ணிக்காரர் என்றே பெயர். பிழைக்காது என்று மூலையில் ஒதுக்கி வைத்திருந்ததை இவள்தான் அடம்பிடித்து வாங்கிவந்தாள். இரண்டு கை சேர்த்து அள்ளினால் கொள்ளும் அளவு. பச்சையும் செம்மண் நிறமுமாய்ச் சதை மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, பார்க்கிறவர்கள் எல்லாரும் ‘மூளை’ என்றுதான் சொல்லுவார்கள். ஒரு பக்கம் சதை வற்றி உள்வாங்கி, அடியிலிருந்த வெள்ளை எலும்பு, ஈறு தேய்ந்த பல் மாதிரி இளித்துக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உப்புத்தண்ணிக்காரரே அதைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். வழுக்கை, சட்டைப்பையில் பூதக்கண்ணாடி, கைவிரல் முழுக்க உப்பு வெடிப்பு. பவளத்தைத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாகப் புரட்டி, அடியைப் பார்த்து, திருப்பி வைத்து, உதட்டைப் பிதுக்கினார்.

“மூளைப் பவளம்னு பொதுவாச் சொல்லிடறோம். அதுல எத்தனையோ வகை இருக்கு. எந்த வகைன்னு தெரிஞ்சாத்தான் எங்க வைக்கணும், எப்படி ஊட்டணும்னு சொல்ல முடியும். இதுக்கு அடி கூம்பா இருக்கு. அப்போ மணல்ல உக்கார்ற வகை. ஆனா மேல பாருங்க, பள்ளமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஓடிச் சேருது. அது பாறையில ஒட்டி வளர்றதுக்குத்தான் உண்டு. ரெண்டும் ஒண்ணா நான் பாத்ததே இல்ல.”

“அந்தப் பொத்தல் எல்லாம் என்னங்க?” என்று அவள் கேட்டாள்.

“வாய்ம்மா. ஒவ்வொண்ணும் ஒரு வாய். வாய் நிறைய, வயிறு ஒண்ணு.”

“எங்க வீட்லயும் ஒண்ணு அப்படி இருக்கு,” என்றான் இவன். யாரும் சிரிக்கவில்லை. அவள் பூதக்கண்ணாடியை வாங்கி, அவர் தோளுக்குப் பக்கத்தில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊட்டும் விதத்தை அவர் செய்துகாட்டினார். முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும், ஓட்டம் இருந்தால் தீனி அடித்துப்போகும். விளக்கை மங்க வைக்க வேண்டும். இறாலைக் கசக்கி அந்தச் சாற்றை மட்டும் சில சொட்டு விட்டால், வாசனைக்கு அது கண்ணாடி நூல் மாதிரி விரல்களை வெளியே நீட்டும். நீட்டின பிறகு, ரப்பர் குமிழ் வைத்த நீளக் குழாயால் பொடிப்பொடியாக வாய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. சாறு விட்டார். பவளம் அசையவில்லை. குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி அவள், “எங்க, ஆ காட்டு பாக்கலாம்” என்றாள்.

விரல்கள் வந்தன. ஒரே நேரத்தில், எல்லாப் பக்கமும்.

“அட! உங்க குரல் கேட்டாப் பசிக்குது போல,” என்று உப்புத்தண்ணிக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டைக்குள்ளிருந்து வருகிற சிரிப்பு. அது தனக்கு மட்டும் உரியது என்று அவன் நினைத்திருந்தான்.

கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: “இதைக் கொண்டுவந்து கடையில விட்டுட்டுப் போனாரே ஒருத்தர், வேடிக்கையான ஆளு. பேர் என்னன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம் ‘தெரியலீங்க’ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”

அதற்கும் அவள் சிரித்தாள்.

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் மாறிப்போயின. அவன் வரும்போது மோட்டார் நின்றிருக்கும், திரை இழுத்திருக்கும், கிசுகிசுப்பு செருப்புச் சத்தத்தில் அறுந்துபோகும். சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் ஒரு மௌனம். ஸ்பூன் தட்டில் உரசுகிற சத்தத்தில் அவனுக்குப் பல் கூசியது.

“ரேடியோவுக்கு என்ன ஆச்சு? இன்னிக்கு யார் திட்டினாங்க?”

“ஞாபகம் இல்லீங்க.”

“அந்த ஆளு கூப்பிடலையா? குழாய் சொட்டுதுன்னு சொல்லிட்டு, நாட்டு நடப்பெல்லாம் பேசுவாரே, வாத்தியாரு?”

“எந்த வாத்தியாரு?”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். வாத்தியாரைப் பற்றி ஒரு வருஷமாய்ப் பேசியவள். மறைக்கிறாள் என்று அவன் முடிவு கட்டினான். சொல்ல வேண்டியதையெல்லாம் வேறு யாரிடமோ கொட்டித் தீர்த்துவிட்டு, காலி டப்பாவாக இங்கே வந்து உட்காருகிறாள். பவளம் ஒரு சாக்கு. மண்டியிட்டு உட்கார்ந்து போனில் அந்த வழுக்கைத் தலையோடு பேசுகிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஒருநாள் அவர் எதேச்சையாகப் போன் செய்து “பவளம் எப்படி இருக்கு?” என்று கேட்டபோது, “உங்களுக்குத் தெரியாததா?” என்று அவன் வெட்டினான். மறுமுனையில் அவர் ஒன்றும் புரியாமல் விழித்தது குரலிலேயே தெரிந்தது. அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டான்.

பள்ளிக்கூட ஆசிரியர்கள் வகுப்பில் சட்டையில் குத்திக்கொள்கிற ஒரு சின்ன மைக் அவன் கடையில் உண்டு. கரும்பலகைப் பக்கம் பேசினால் கடைசி பெஞ்சில் இருக்கிற காது மந்தமான பிள்ளையின் காது மெஷினுக்குள் நேராக வந்து விழும். மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றை அவன் பையில் போட்டுக்கொண்டு வந்தான். தொட்டிக்குப் பின்னால், கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையில் அதைச் செருகிவைத்தான். மறுநாள் அவளுக்கு முன்பே வந்து, தலைவலி என்று படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு காதிலும் மெஷினை மாட்டி, சுவரைப் பார்த்துப் படுத்தான்.

முதலில் மோட்டாரின் ரீங்காரம் மண்டையை அடைத்தது. பிறகு ஒரு கிளிக். ரீங்காரம் அடங்கி, அடங்கி, ஆழமான கிணற்றுக்குள் எட்டிப்பார்க்கிற மாதிரி ஒரு வெறுமை. அதில் குழாய் நுனியிலிருந்து சொட்டு விழுகிற டொக், புடவை தரையில் உரசுகிற சரசரப்பு, அவளுடைய மூச்சு. கழுத்தோரத்தில் அவள் மூச்சு விடுவதைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைக்கும்போதே அவள் பேச ஆரம்பித்தாள்.

“நானும் சின்னவனும் ஒருதடவை பஸ் ஸ்டாண்டுல தொலைஞ்சுபோயிட்டோம், தெரியுமா? எனக்கு ஏழு வயசு இருக்கும். அவன் பொடியன். அழாதேடா, அழாதேடான்னு சொல்லிட்டு நான்தான் அழறேன். அவன் என் பாவாடை நாடாவைக் கையில சுத்திக்கிட்டு, ‘அக்கா, நான் உன்னைத் தொலைக்க மாட்டேன்’கிறான்…”

சின்னவன் அவள் தம்பி. கப்பலில் வேலை. இந்தக் கதையை அவள் இவனிடம் சொன்னதே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட இல்லை. தலையணையைப் பற்களால் கடித்துக்கொண்டான். கேட்கக் கேட்க நெஞ்சு எரிந்தது. அவ்வளவு அழகாகச் சொன்னாள். போலீஸ்காரர் வாங்கிக்கொடுத்த பிஸ்கட்டின் ருசி வரைக்கும் சொன்னாள்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் ஒரு சத்தம். ஈரமான உதடு பிரிகிற சத்தம். ஒன்று. பக்கத்தில் ஒன்று. அதற்குப் பக்கத்தில். இடமிருந்து வலமாக ஒரு வரிசை பிரிந்துகொண்டே போயிற்று. பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து குமிழி வெடிக்கிற மாதிரி:

“அப்புறம்?”

அவன் எழுந்து ஓடினான். கதவு சுவரில் அறைந்தது. அவள் தொட்டி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் குழாய், மறு கையில் கிண்ணம்.

“போன் எங்க?”

“சமையலறையில சார்ஜ்ல கிடக்கு. ஏங்க, தலைவலி எப்படி இருக்கு?”

போய்ப் பார்த்தான். சார்ஜில்தான் கிடந்தது. திரும்பி வந்தபோது அவள் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போயிருந்தாள். பவளத்தைக் குனிந்து பார்த்தான். வெள்ளை எலும்பின் விளிம்பில், நேற்று இல்லாத இடத்தில், கண் இமை அளவுக்குப் புதுச் சதை ஏறியிருந்தது.

மறுநாள் காலையில் போன் அடித்தது. அவள் எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவனிடம் நீட்டினாள்.

“யாரோ ராங் நம்பர். அக்கா, அக்காங்கிறான். நீங்களே சொல்லி வைங்க.”

“மாமா,” என்றது சின்னவனின் குரல், பின்னால் கடல் காற்று. “அக்காவுக்கு என்ன மாமா? விளையாடறாளா?”

“உடம்பு சரியில்லடா. அப்புறம் பேசறேன்.”

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அவள் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் சுவரில் சின்னவனும் அவளும் சேர்ந்து எடுத்த படம் மாட்டியிருந்தது.

“இது யாரு?” என்று கேட்டான்.

அவள் சீப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். “உங்க சொந்தக்காரப் பையனா? என் பக்கத்துல ஏன் நிக்கிறான்?”

அன்றைக்குக் கடையில் அவன் பரிசோதித்தவர்கள் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை என்று எழுதினான். சாயங்காலம் வந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டான்.

“இனிமே அதுகிட்டப் பேசாதே.”

“பேசினாத்தாங்க வாயைத் திறக்குது. இறாலை வச்சாத் துப்பிடுது. நான் ஏதாவது சொன்னாத்தான் சாப்பிடுது. எவ்வளவு தேறியிருக்குன்னு பாத்தீங்களா?”

“நீ சொல்றதெல்லாம் உனக்கு மறந்துபோகுது.”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “எது மறந்துபோச்சு? எல்லாம் இருக்கே,” என்றாள். அவள் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. இல்லாமல் போனது எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அதற்கடுத்த நாள் மதியம் லீவு போட்டுவிட்டு வந்தான். அவள் ஆபீசில் இருந்தாள். வெளியே அடைமழை, கூடத்தில் பட்டப்பகலிலேயே விளக்கு தேவைப்பட்டது. வாளி, சாக்குப்பை, சுத்தியல் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டான். சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டான். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்தது. சதை விரலில் பட்டது. வழவழப்பாக. கொஞ்சம் துடிப்பாக. காலையிலிருந்து காதில் மாட்டிய மெஷினை அவன் கழற்றவே இல்லை.

“அழாதேடா, அழாதேடா,” என்று ஒரு சிறுமி அழுதாள்.

கையை இழுத்துக்கொண்டான். தண்ணீர் தரையெல்லாம் சிந்திற்று. அந்தக் குரலை அவன் கேட்டதில்லை, இருந்தும் தெரிந்தது. ஏழு வயது. பஸ் ஸ்டாண்டு. வாத்தியார் வந்தார், குழாய் சொட்டுகிறது என்றார். கல்லூரியில் அவளுக்கு மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்த யாரோ ஒருவன் வந்தான், அவன் காதோரம் நனைந்திருந்த அழகு வந்தது. எல்லாம் அவள் குரலில். எல்லாம் இதற்குள். சுத்தியலால் அடித்தால் எலும்பு மட்டுமா உடையும்? அவளுடைய சின்னவன் இனி வேறு எங்கும் இல்லை. இங்கேதான் இருந்தான்.

சுத்தியலைக் கீழே வைத்தான்.

அங்கேயே உட்கார்ந்து, மழை ஓயும் வரைக்கும் கேட்டான். கேட்கக் கேட்க, பயத்துக்கு அடியிலிருந்து வேறு ஒன்று தலை தூக்கியது. தம்பி இருக்கிறான். வாத்தியார் இருக்கிறார். குடைக்காரன்கூட இருக்கிறான், அவனுக்கு என்ன கொடுப்பினை. இவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும், இதனிடம் சொல்லத் தகுந்த மாதிரி அவனைப் பற்றி அவளிடம் ஒன்றுமே இல்லையா? தன்னை விட்டுவைத்திருக்கிறாளே என்று நிம்மதிப்பட வேண்டியவனுக்கு மனசு புழுங்கியது. ஒருவேளை, ருசியானதைக் கடைசியில் வைத்திருக்கிறாளோ?

அன்று மாலை அவள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். “சீக்கிரம் வந்துட்டீங்களா?” என்றாள். இறாலைக் கசக்கினாள். அவன் படுக்கையறைக்குப் போனான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போடவில்லை.

கிளிக்.

வெறுமை. சொட்டு. மூச்சு.

“ஒருநாள் எனக்குக் காது வலி,” என்றாள். “நாள் பூரா ஹெட்போன் மாட்டி மாட்டி, காது மடல் புண்ணாயிடுச்சு. ஒரு காது மெஷின் கடை தெரிஞ்சுது. உள்ள போனேன். கண்ணாடி ரூமுக்குள்ள ஒருத்தர்…”

அவன் எழுந்து நின்றான். கைப்பிடியில் கை வைத்தான். இப்போது போனால் நிறுத்திவிடலாம். ஒரு வாக்கியம்தான் போயிருக்கும்.

“…அவர் எதையும் கேக்கல. பேசுங்கன்னார். என்ன பேசன்னேன். என்ன வேணா பேசுங்க, நான் கேக்கறேன்னார். என்னைப் பாத்து அப்படி யாரும் சொன்னதில்ல. என் வேலையே கேக்கறதுதானே. எனக்கு அழுகை வந்துடுச்சு. வெக்கமாப் போச்சு. அவருக்குத் தெரியாது. இன்னிவரைக்கும் தெரியாது…”

தெரியாது. அவனுக்குத் தெரியாது. கைப்பிடியில் வைத்த கை அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம். இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு. அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவன் முதல்முதலாக அவளுக்கு வாங்கிக்கொடுத்த கம்மல் பிடிக்காமலேயே போட்டுக்கொண்டு திரிந்தது. அவன் தூங்கும்போது அவன் காதைத் தொட்டுப் பார்ப்பது. அவனுக்குக் காய்ச்சல் கண்ட அன்று, இவர் இல்லாவிட்டால் இனி யாரிடம் பேசுவேன் என்று குளியலறையில் உட்கார்ந்து நடுங்கியது. அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஈரமான உதடுகள் வரிசை வரிசையாய்ப் பிரிகிற சத்தம் கேட்டது. விழுங்குகிற சத்தம் கேட்டது. அவன் நகரவில்லை. அவ்வளவு ஆசையாக அவனைப் பற்றி யாரும் பேசி அவன் கேட்டதில்லை.

“அப்புறம்?”

“அவ்வளவுதான்,” என்றாள் அவள்.

கதவைத் திறந்து ஓடினான்.

அவள் திரும்பினாள். மண்டியிட்ட இடத்திலிருந்து பதறி எழுந்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“யாருங்க நீங்க? கதவு திறந்தா இருந்துச்சு?”

“ரேடியோ…”

“ரேடியோ ரிப்பேரா? நாங்க யாரையும் கூப்பிடலீங்களே.”

ஒரு அடி வைத்தான். அவள் இரண்டு அடி பின்வாங்கினாள். மூலை நாற்காலியில் இடித்து, அப்படியே உட்கார்ந்துகொண்டாள். பயந்த பறவை மாதிரி. உதடுகளை இறுக்கிக்கொண்டு.

உதடுகள் மூடியிருந்தன. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மூடித்தான் இருந்தன.

“என் காதே,” என்றாள், அவன் காதில் மாட்டியிருந்த மெஷினுக்குள். “அங்க என்ன பராக்குப் பாக்கறீங்க? வந்து உக்காருங்களேன்.”

மெதுவாகத் தொட்டிப் பக்கம் திரும்பினான்.

தொட்டியிடம் பேசினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். தெரியாமல் செய்தான் என்று யாரும் சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கடைசியாக ஒருமுறை பார்த்தான். அங்கே ரேடியோ இல்லை. ரேடியோ இங்கே இருந்தாள். தம்பியோடும் வாத்தியாரோடும் அந்தக் குடைக்காரனோடும் இங்கே இருந்தாள். அவள் சொல்லி வைத்த அவனும் உள்ளே இருந்தான். இவன் மட்டும் வெளியே. அதுதான் தாங்கவில்லை.

மண்டியிட்டான்.

“அன்னிக்கு நீ அழுதது எனக்குத் தெரியும்டி,” என்று பொய் சொன்னான். அவள் சிரித்தாள். தொட்டிக்குள்ளிருந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. பிறகு உண்மையைச் சொன்னான். அவள் கடைக்கு வந்த நாளை அவன் பக்கத்திலிருந்து சொன்னான். அவளுக்குப் போட்டுக்காட்டிய ஒலியை வேண்டுமென்றே திரும்பத் திரும்பப் போட்டதை. அவள் போன பிறகு நாற்காலியில் இருந்த சூட்டை.

“அப்புறம்?”

சொன்னான்.

“அப்புறம்?”

சொன்னான். விரல்கள் நீரின் மேல்மட்டத்தைத் தாண்டி வந்தன. கன்னத்தில் பட்டன. வெதுவெதுப்பாக. காதைத் தேடின.

“அப்புறம்?”

அம்மா. பள்ளிக்கூடம். பெயர். பின்னால் நாற்காலியிலிருந்து அந்தப் பெண்ணும் தன் வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

“அப்புறம்?”

முட்டி வலித்தது. தரையில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். நன்றாக இருட்டிவிட்டிருந்தது. ஏதோ ஒரு வீட்டுக் கூடம். நீல வெளிச்சம். மூலை நாற்காலியில் ஒரு பெண் கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தாள்.

“மன்னிச்சுக்கோங்க,” என்றான். “இது உங்க வீடுங்களா?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “இல்லீங்க. உங்க வீடுன்னுல்ல நினைச்சேன்.”

இருவரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டார்கள். அவன் காதில் ஏதோ அடைத்திருந்தது. அதற்குள் யாரோ புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டி மூச்சு விடாமல் எதையோ சொல்ல, புருஷன் ‘ம்’ கொட்டிக்கொண்டு, நடுநடுவே வெடித்துச் சிரித்துக்கொண்டு. எவ்வளவு அன்னியோன்னியம். தனக்கு இப்படி யாரும் இல்லையே என்று பொறாமையாக இருந்தது. தனக்கு யார்தான் உண்டு என்று யோசித்தான். ஒன்றும் வரவில்லை.

ஒரு காதிலிருந்ததைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினான். அவள் தயங்கி வாங்கிக் காதில் வைத்தாள். கேட்டாள். அவள் முகமும் ஏங்கிப்போயிற்று.

“யாருங்க இவங்க?”

“தெரியலீங்க. கொடுத்துவச்சவங்க.”

எதிரே கண்ணாடித் தொட்டியில் வெள்ளை என்பதே இல்லை. சதை தொட்டி முழுவதையும் அடைத்து, நான்கு பக்கக் கண்ணாடியிலும் நசுங்கி, விளிம்பைத் தாண்டிப் பிதுங்கி வழிந்திருந்தது. பள்ளம் பள்ளமாக வாய்கள். எல்லாம் அசைந்துகொண்டிருந்தன.

பேச்சு நின்றது.

“அங்க பாருங்களேன்,” என்றாள் அந்த மனைவி. “யாரோ ரெண்டு பேர் உக்காந்து நம்மளையே கேட்டுட்டு இருக்காங்க.”

“இருக்கட்டும்,” என்றான் அந்தப் புருஷன். “ஏதாவது மிச்சம் வச்சிருப்பாங்க.”

எல்லா வாய்களும் அவர்கள் பக்கம் திறந்தன.